சக் தே! இந்தியா: படம் பார்த்தவர்களும் பார்க்கப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

2007 ஆகஸ்ட் 10 அன்று வந்த இந்திப் படம் இது. அந்த வருஷமே இந்திய கிரிக்கெட் அணி டி20 உலகக் கோப்பையை வென்றது. அன்று ஒலிக்கத் தொடங்கிய இந்தப் படத்தின் தலைப்புப் பாடல் இன்னும் மைதானங்களை விட்டுப் போகவில்லை. அதனாலேயே படத்தைப் பார்க்காதவர்களுக்கும் பார்த்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு இருக்கிறது. பாட்டு சொல்வது வேறு, படம் சொல்வது வேறு. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முடிவை உடைக்கும் பதில்களுக்கு முன்னாலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறேன்.

கதை என்ன, சுருக்கமாக?

கபீர் கான் (ஷாருக் கான்) இந்திய ஆண்கள் ஹாக்கி அணியின் கேப்டன். உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கைக் கோட்டை விடுகிறார். ஆட்டம் முடிந்ததும் எதிரணிக் கேப்டனுடன் கை குலுக்குகிறார். அந்தப் புகைப்படம் பத்திரிகையில் வருகிறது. நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பட்டம் ஒட்டிக்கொள்ள, அம்மாவும் மகனும் சொந்த வீட்டை விட்டே கிளம்ப வேண்டியதாகிறது. ஏழு வருஷம் கழித்து, யாருக்கும் வேண்டாத ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறார்: பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். பல மாநிலங்களிலிருந்து வந்த 16 பெண்கள். ஒருவரையொருவர் பிடிக்காது, பயிற்சியாளரையும் பிடிக்காது. அவர்களை உலகக் கோப்பைக்குக் கூட்டிப்போவதுதான் மீதிப் படம்.

இயக்கம் ஷிமித் அமீன், எழுத்து ஜெய்தீப் சாஹ்னி, தயாரிப்பு யஷ் ராஜ் ஃபிலிம்ஸ். ஓடும் நேரம் 153 நிமிடம்.

"சக் தே" என்றால் என்ன?

பஞ்சாபிச் சொல். நேர்ப்பொருள் "தூக்கு". பேச்சில் "விடாதே", "போட்டுத் தாக்கு" என்கிற மாதிரி உசுப்பிவிடும் சொல்.

இது உண்மைக் கதையா?

பாதி. இரண்டு உண்மைச் சம்பவங்கள் படத்துக்குள் இருக்கின்றன, ஆனால் இரண்டுக்கும் நடுவே 20 வருஷ இடைவெளி.

முதலாவது 1982. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா, சொந்த மண்ணில், பாகிஸ்தானிடம் 7-1 என்று தோற்றது. அன்று கோல்கீப்பராக நின்றவர் மீர் ரஞ்சன் நேகி. ஏழு கோலுக்கும் அவர் தலையில் பழி விழுந்தது. காசு வாங்கிவிட்டார் என்றார்கள், துரோகி என்றார்கள். ஆட்ட வாழ்க்கை அதோடு போயிற்று.

இரண்டாவது 2002. மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றது. இறுதி ஆட்டத்தில் எதிரணி இங்கிலாந்து, அதுவும் அவர்கள் ஊரில். கூடுதல் நேரத்தில் மம்தா கரப் அடித்த கோல்டன் கோலில் (முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும் முறை) 3-2 என்று முடிந்தது. கேப்டன் மணிப்பூரைச் சேர்ந்த சூரஜ் லதா தேவி. தலைமைப் பயிற்சியாளர் எம்.கே. கௌஷிக், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? அதே நேகி.

அந்த வெற்றியைப் பற்றி நாளிதழில் வந்த ஒரு சின்னச் செய்திதான் சாஹ்னிக்கு விதை. தங்கம் வென்ற அணிக்கு இத்தனை சின்னச் செய்தியா என்ற உறுத்தலில் பிறந்த படம் இது. படம் முழுக்க அந்த உறுத்தல் இருக்கிறது. தோற்றால் தலைப்புச் செய்தி, ஜெயித்தால் மூலைச் செய்தி.

அப்படியானால் கபீர் கான்தான் நேகியா?

நேகியின் வாழ்க்கையைப் படமாக்கவில்லை என்று சாஹ்னியே சொல்லியிருக்கிறார். கதை வேலையின்போது முதலில் கௌஷிக்கைத்தான் பார்த்திருக்கிறார். நடிகைகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்க அவர் வழியாகத்தான் நேகி வந்து சேர்ந்தார். ஆனாலும் ஒற்றுமையைப் பார்த்த பத்திரிகைகள் சும்மா விடுமா? நேகிக்கு இருந்த களங்கம் பெருமளவு கழுவப்பட்டது இந்தப் படத்துக்குப் பிறகுதான்.

வித்தியாசங்களைக் கவனித்தால் எழுத்தாளர் என்ன செய்தார் என்பது புரியும். கோல்கீப்பர் இங்கே ஸ்ட்ரோக் அடிப்பவராகிறார். ஏழு கோல் என்பது ஒரே ஒரு தவறாகச் சுருங்குகிறது. ஆசியப் போட்டி உலகக் கோப்பையாகிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம், கேப்டன் ஒரு முஸ்லிம். ஏழு கோலுக்கு ஏதாவது விளக்கம் கேட்கலாம், ஒரு பந்து குறி தவறியதற்கு விளக்கமே தேவையில்லை. ஆனாலும் கேட்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள் என்பதைப் படம் ஒரு வசனத்தில்கூட விளக்கிச் சொல்லாது. பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். எனக்குப் பிடித்த அடக்கம் அது.

நடித்தவர்கள் நிஜமாகவே ஹாக்கி ஆடுவார்களா?

சிலர் ஆடுவார்கள். கோமல் சௌதாலாவாக வரும் சித்ராஷி ராவத் டேராடூனைச் சேர்ந்த ஹாக்கி வீராங்கனை, அதற்கு முன் கேமரா பார்த்ததில்லை. அணியில் இன்னும் சிலரும் களத்திலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் நாடகம், விளம்பரம் என்று வேறு பக்கத்திலிருந்து வந்து, பல மாதம் நேகியிடம் பழகியவர்கள். ஆட்டக் காட்சிகளை வடிவமைக்க வெளிநாட்டிலிருந்து ராப் மில்லர் என்ற விளையாட்டுக் காட்சி நிபுணரை வரவழைத்தார்கள்.

உன்னிப்பாகப் பார்த்தால் யார் ஆடிப் பழகியவர், யார் கற்றுக்கொண்டு வந்தவர் என்பது முழங்கால் மடங்குகிற விதத்திலேயே தெரிந்துவிடும். ஹாக்கியில் குனிந்தே ஓட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் பந்து விலகியதும் நிமிர்ந்துவிடுவார்கள்.

ஷாருக் கான் படமாயிற்றே, டூயட் எல்லாம் உண்டா?

கிடையாது. கதாநாயகி இல்லை, காதல் இல்லை, அவர் வாயசைத்து ஆடும் பாட்டும் இல்லை. சலீம்–சுலைமான் இசையில் பாடல்கள் பின்னணியில்தான் ஓடும். பள்ளி, கல்லூரி நாட்களில் ஹாக்கி மட்டை பிடித்தவர் என்பதால் மட்டையை வைத்துக்கொண்டு நிற்பது அவருக்கு இயல்பாக வருகிறது. அந்த வருஷத்துக்கான ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகர் விருது இதற்குத்தான் கிடைத்தது. படத்துக்கு, ஆரோக்கியமான பொழுதுபோக்கு தரும் சிறந்த ஜனரஞ்சகப் படம் என்ற தேசிய விருதும் கிடைத்தது.

ஹாக்கியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. படம் புரியுமா?

புரியும். ஆனாலும் நாலு விஷயம் தெரிந்திருந்தால் சுவாரசியம் கூடும்.

பந்தை மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே தொடலாம். கோல்கீப்பர் தவிர வேறு யார் காலில் பட்டாலும் தவறு. எவ்வளவு தூரத்திலிருந்து வேண்டுமானாலும் அடித்து கோல் போட முடியாது. கோலுக்கு முன்னால் அரைவட்டமாகக் கோடு போட்ட "டி" என்ற பகுதி இருக்கிறது, அதற்குள்ளிருந்து தாக்கும் அணியின் மட்டை பட்டுப் போனால்தான் கணக்கு. அந்த டிக்குள் தடுக்கும் அணி தவறு செய்தால் பெனால்டி கார்னர், அதாவது கோல் பக்கத்துக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே தள்ளிவிட்டுத் தாக்கும் வாய்ப்பு. வேண்டுமென்றே செய்தாலோ, நிச்சயமாக விழ வேண்டிய கோலைத் தவறான வழியில் தடுத்தாலோ பெனால்டி ஸ்ட்ரோக்: கோல் கோட்டிலிருந்து 6.40 மீட்டர் தள்ளிப் பந்தை வைத்து, கோல்கீப்பர் ஒருத்தரை மட்டும் எதிர்த்து அடிக்கலாம்.

கபீர் கான் தவறவிட்டது இந்தக் கடைசி வகையைத்தான். கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். ஆறரை மீட்டர்கூட இல்லாத தூரத்தில் இதைத் தவறவிடுவானா ஒருத்தன் என்று வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தோன்றும். அந்தச் சந்தேகத்தின் மேல்தான் கதையே நிற்கிறது.

"எழுபது நிமிடம்" என்று பயிற்சியாளர் பேசுவது பிரபலமாயிற்றே. ஹாக்கி ஆட்டம் 60 நிமிடம்தானே?

இப்போது 60. ஒவ்வொன்றும் 15 நிமிடமாக நாலு கால்பகுதி. சர்வதேச ஹாக்கி இந்த முறைக்கு மாறியது 2014-ல்தான். படம் வந்தபோது 35 நிமிடப் பாதிகள் இரண்டு, ஆக 70. படத்தில் பிழை இல்லை, விதிதான் மாறிவிட்டது.

இறுதியில் வருகிற பெனால்டி ஸ்ட்ரோக் முறை இன்றும் இருக்கிறதா? (முடிவு லேசாகத் தெரியும்)

சமநிலையை உடைக்க ஸ்ட்ரோக் அடிக்கும் முறை போய்விட்டது. இப்போதைய ஷூட்-அவுட்டில் ஆட்டக்காரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடிவர வேண்டும், கோல்கீப்பரும் முன்னால் ஏறி வரலாம், எட்டு விநாடிக்குள் முடிக்க வேண்டும். பார்க்க இது இன்னும் பதற்றமான விஷயம். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் அரையிறுதியில் இந்தியப் பெண்களும் ஆஸ்திரேலியாவும் ஷூட்-அவுட்டுக்குப் போனபோது, ஆஸ்திரேலியாவின் முதல் முயற்சியைக் கோல்கீப்பர் சவிதா தடுத்துவிட்டார். அப்புறம் பார்த்தால் எட்டு விநாடிக் கடிகாரமே ஓடவில்லையாம், திரும்ப அடிக்கச் சொன்னார்கள். இரண்டாவது தடவை கோல். இந்தியா தோற்றது. இதையே ஒரு திரைக்கதையில் எழுதியிருந்தால் நம்ப மாட்டோம்.

ஆனால் இந்தப் படத்துக்குப் பழைய ஸ்ட்ரோக் முறைதான் பொருத்தம். நின்ற இடத்தில் ஒருவர் அடிக்க, ஒருவர் தடுக்க வேண்டும். கபீர் கான் எங்கே உடைந்தாரோ அதே புள்ளிக்குக் கதை திரும்பிவர முடிவது அதனால்தான்.

தமிழ், தெலுங்கு பற்றி ஒரு வசனம் வருமாமே?

வரும். பயிற்சி முகாமில் வீராங்கனைகள் பெயர் பதியும் காட்சி. ஆந்திராவிலிருந்து வந்த நேத்ரா ரெட்டியிடம் தமிழுக்கும் தெலுங்குக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்கிற தோரணையில் கேட்கிறார்கள். பஞ்சாபிக்கும் பீகாரிக்கும் எவ்வளவோ அவ்வளவுதான் என்று அவள் திருப்பிக் கொடுக்கிறாள். தமிழ்நாட்டிலிருந்து வடக்கே போய் "மதராஸி" என்று அழைக்கப்பட்டவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் அதே காட்சியில் நமக்கும் ஒரு குட்டு இருக்கிறது. மிசோரமிலிருந்து மேரி ரால்ட்டேயும் மணிப்பூரிலிருந்து மோலி ஜிமிக்கும் வருகிறார்கள். நீங்கள் எங்கள் விருந்தாளிகள் என்று அன்பாகச் சொல்கிறார் வரவேற்பவர். சொந்த நாட்டில் விருந்தாளி என்று அழைக்கப்பட்டால் சந்தோஷமாகவா இருக்கும் என்று பதில் வருகிறது. வடகிழக்கு முகத்தைப் பார்த்ததும் "நேபாளமா?" என்று கேட்கும் பழக்கம் நம் ஊரிலும் இல்லாமல் இல்லை.

வடகிழக்கு, ஜார்க்கண்ட் என்று அணியைக் கலந்தது கதைக்காகவா?

கதைக்கும் உதவுகிறது, நிஜமும் அப்படித்தான். இந்தியப் பெண்கள் ஹாக்கியின் வரைபடம் பெரிய நகரங்களில் இல்லை. ஜார்க்கண்டில் சிம்டேகா, குந்தி போன்ற ஆதிவாசிப் பகுதிகள், ஹரியானாவில் ஷாபாத், சோனிபத், அப்புறம் மணிப்பூர். படத்தில் ஜார்க்கண்டிலிருந்து வரும் சோய்மோய், ராணி என்ற இரண்டு பெண்கள் யாரோடும் பேசாமல் ஓர் ஓரமாக நிற்பார்கள். படம் வந்து 14 வருஷம் கழித்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியில் குந்தியின் நிக்கி பிரதானும் சிம்டேகாவின் சலீமா டேட்டேவும் இருந்தார்கள். சலீமா பிறகு கேப்டனாகவும் ஆனார். டோக்கியோ அணியின் கேப்டன் ராணி ராம்பால் ஷாபாத்காரர், வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள்.

திறமை இல்லாத அணியைத் திறமையான அணியாக்கிய கதை என்று இந்தப் படத்தைச் சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தெரியவில்லை. முகாமுக்கு வரும்போதே இந்தப் பெண்களுக்கு ஆடத் தெரியும். அவர்கள் ஆடுவதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஹாக்கி சங்கத்துத் தலைவர் திரிபாதிக்குப் பெண்கள் அணி என்பது ஒரு சம்பிரதாயம். சமையலும் வீட்டு வேலையும்தான் பெண்களுக்கு நிலைக்கும் என்பது அவர் கட்சி. கபீர் கான் முதலில் செய்வது, அவர்களைப் பார்ப்பது.

பிந்தியா நாயக் வில்லியா? (முக்கியத் திருப்பங்கள் தெரியும்)

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் படத்தை ஒரு தடவை மட்டும் பார்த்தவர்கள். இரண்டாம் தடவை பார்த்தால் பிந்தியா பக்கமும் நியாயம் தெரியும்.

அணியிலேயே அதிக அனுபவம் உள்ளவள் அவள். கேப்டன் பதவி தனக்குத்தான் என்று நம்பியிருக்கும்போது புதிதாக வந்த பயிற்சியாளர் கோல்கீப்பர் வித்யா சர்மாவை நியமிக்கிறார். ஏன் என்று சொல்லவும் இல்லை. பிந்தியா முறைக்கிறாள், மற்றவர்களைத் தூண்டிவிடுகிறாள், பயிற்சியாளரை நீக்கக் கோரி எல்லோரும் கையெழுத்துப் போடும் வரைக்கும் கொண்டுபோகிறாள். பின்னால் ஒரு கட்டத்தில், கேப்டன் பதவிக்காகத் தன்னையே விலையாக வைக்கத் தயார் என்கிற மாதிரிப் பேசவும் செய்கிறாள். பலரும் அவளை வெறுப்பது இந்த இடத்தில்தான். எனக்கு அந்தக் காட்சியில் பயம்தான் வந்தது. இப்படிப் பேசினால்தான் காரியம் நடக்கும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? எத்தனை வருஷ அனுபவம் அது? படம் அந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஷில்பா சுக்லாவின் முகம்தான் மிச்சத்தைச் சொல்கிறது.

அரையிறுதியில் கொரிய அணி ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு மார்க் செய்கிறது. யாராலும் நகர முடியவில்லை. அந்தப் பூட்டை உடைக்க கபீர் கான் போய் நிற்பது பிந்தியாவிடம்தான். அவளுக்குத்தான் அந்த அனுபவம் இருக்கிறது. அதாவது முதல் நாளிலிருந்து அவள் சொன்னது சரி: அணியில் அவள்தான் அதிகம் தெரிந்தவள். பயிற்சியாளர் இதை ஒப்புக்கொள்ள அரையிறுதி வரை ஆகிறது. இதை அவருடைய தோல்வி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். படம் அப்படிச் சொல்லவில்லை.

ப்ரீதியும் கோமலும் பந்தைப் பரிமாறாமல் அடம் பிடிப்பது மிகையாக இல்லையா?

ஃபார்வர்டுகள் (கோல் போடும் முன்வரிசைக்காரர்கள்) ஆடும் எந்த அணியிலும் கேட்டுப் பாருங்கள். சண்டிகரின் ப்ரீதி சபர்வால் நகரத்துப் பெண், கோமல் ஹரியானா கிராமத்துப் பெண். யார் அதிக கோல் போடுவது என்ற போட்டியில் இருவருமே பாஸ் கொடுப்பதில்லை. ப்ரீதிக்கு இன்னொரு தலைவலி, அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் இந்திய கிரிக்கெட் அணியின் துணைக் கேப்டன். ஹாக்கி எல்லாம் ஓர் ஆட்டமா என்று கேட்கிற ஆள். அவன் வருகிற நேரம் குறைவுதான், ஆனால் இந்த நாட்டில் கிரிக்கெட்டுக்கும் ஹாக்கிக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆண்கள் அணியோடு மோதும் காட்சி நம்பும்படியாக இருக்கிறதா?

உலகக் கோப்பைக்குப் பெண்கள் அணியை அனுப்புவதில்லை என்று சங்கம் முடிவெடுக்கிறது. ஆண்கள் அணியோடு ஆட விடுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள் என்கிறார் கபீர் கான். பெண்கள் 3-2 என்று தோற்கிறார்கள். தோற்றாலும் ஆடிய விதம் சங்கத்தின் மனதை மாற்றுகிறது.

நிஜத்தில் தேசிய ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் வேகத்தில் உள்ள இடைவெளி ஒரே ஒரு கோல் அளவு சின்னது இல்லை. ஆனாலும் இந்தக் காட்சியில் கதாசிரியர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார், பெண்களை ஜெயிக்க வைக்கவில்லை. ஜெயித்திருந்தால் வெறும் கைதட்டல் காட்சியாகப் போயிருக்கும்.

பர்கர் கடைச் சண்டையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

வீராங்கனைகள் கையெழுத்துப் போட்டு விலக்கிய பயிற்சியாளர், போவதற்கு முன் எல்லோரையும் சாப்பிடக் கூட்டிப்போகிறார். அங்கே சில பையன்கள் மேரியை வம்புக்கு இழுக்கிறார்கள். பஞ்சாபின் பல்பீர் கௌர் முதல் அடியைக் கொடுக்கிறாள், பிறகு மொத்த அணியும் இறங்குகிறது. மைதானத்தில் ஒரு பாஸ் கொடுக்காத பெண்கள் இங்கே ஒருவருக்கொருவர் முதுகு கொடுத்து நிற்கிறார்கள். தியேட்டரில் விசில் பறந்த காட்சி.

இதே காட்சியின் கடைசியில் ஒரு சறுக்கலும் இருக்கிறது. பின்னாலிருந்து கிரிக்கெட் மட்டையோடு அடிக்க வருபவனைத் தடுத்து, கபீர் கான் ஒரு சிலேடை சொல்கிறார். கிரிக்கெட்டில் சிக்ஸரைக் குறிக்கும் இந்திச் சொல், திருநங்கையரை இழிவாகச் சொல்லும் வசையும்கூட. ஹாக்கியில் அது கிடையாது என்கிறார். 2007-ல் அரங்கம் சிரித்தது. பெண்களை மட்டமாகப் பேசுவதை எதிர்த்து ஒரு சண்டை, அது முடியும்போது இன்னொரு கூட்டத்தை மட்டம் தட்டும் நகைச்சுவை. இப்போது பார்த்தால் உறுத்துகிறது.

வேறு குறைகள்?

உலகக் கோப்பைப் பகுதி. முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் ஏழு கோல் வாங்கித் தோற்ற பிறகு, அணி விறுவிறுவென்று ஒவ்வொரு நாட்டையாக வீழ்த்திக்கொண்டு போகிறது. எதிரணிகளுக்கு முகமே கிடையாது. அர்ஜென்டினா முரட்டு அணி, கொரியா மார்க்கிங் அணி, ஆஸ்திரேலியா திமிர் பிடித்த அணி, முடிந்தது கதை. அதோடு 16 பெண்களில் ஆறேழு பேர்தான் மனதில் நிற்கிறார்கள். மற்றவர்கள் பெயரைக் கேட்டால் எனக்கே யோசிக்க வேண்டியிருக்கும்.

படம் வந்த பிறகு இந்திய ஹாக்கி முன்னேறியதா?

உடனே நடந்தது நேர் எதிர். 2008 மார்ச்சில் ஆண்கள் அணி பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே தவறியது. 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கம், மொத்தம் எட்டுத் தங்கம் வென்ற நாட்டுக்கு, 80 வருஷத்தில் முதல் தடவையாக ஒலிம்பிக் ஹாக்கியில் இடமில்லை. படத்தால் உற்சாகம் வரும், செயற்கைப் புல்தரை வராது. 1976 மான்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியதிலிருந்தே நம் கஷ்டகாலம். இயற்கைப் புல்லில் பழகிய விரல்களுக்கு அந்த வேகம் பிடிபடவில்லை, புதிய தரை போடவும் பணம் ஒதுக்கவில்லை.

பெண்கள் அணி 1980-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் கால் வைத்ததே 2016 ரியோவில். அங்கே கடைசி இடம். அடுத்தது டோக்கியோ, கொரோனாவால் 2021-ல் நடந்தது. முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, நெதர்லாந்திடம் 5-1. அப்புறம் அயர்லாந்தை வென்றார்கள், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா ஹாட்ரிக் அடித்தார். ஒலிம்பிக்கில் ஓர் இந்தியப் பெண் அடித்த முதல் ஹாக்கி ஹாட்ரிக் அது. ஆகஸ்ட் 2, காலிறுதி, எதிரே ஆஸ்திரேலியா. குர்ஜித் கௌர் பெனால்டி கார்னரில் அடித்த ஒரே கோல், மற்றதை சவிதா பார்த்துக்கொண்டார். 1-0. இந்தியப் பெண்கள் முதல் முறையாக ஒலிம்பிக் அரையிறுதியில்.

அன்று பயிற்சியாளர் சியோர்ட் மரைன், வீட்டுக்கு வரத் தாமதமாகும் என்று குடும்பத்தாரிடம் ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை, வரும்போது தங்கம் வாங்கி வாருங்கள் என்று "முன்னாள் பயிற்சியாளர் கபீர் கான்" பெயரில் ஷாருக் கான் பதில் போட்டார். நன்றி சொல்லி, "நிஜப் பயிற்சியாளர்" என்று கையெழுத்திட்டார் மரைன்.

அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 2-1, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 4-3. பதக்கம் இல்லை. ஆனால் இந்தப் படத்தோடு அதிகம் ஒத்துப்போனது வேறொரு செய்தி. அரையிறுதியில் தோற்ற இரவு, ஹரித்வார் அருகே வந்தனாவின் வீட்டு முன் சிலர் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டியதாகக் குடும்பம் புகார் கொடுத்தது, கைதும் நடந்தது. நாலு நாள் முன்னால் ஹாட்ரிக் அடித்தவர். கபீர் கான் வீட்டுக் காட்சி மிகை என்று சொல்பவர்களிடம் இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

ஹாக்கிதானே நம் தேசிய விளையாட்டு?

பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். 2012-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகம் பதில் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் ஹாக்கிக்கும் என்ன தொடர்பு? படத்தில் நம்மூர்ப் பெண் இல்லையே?

இல்லைதான். ஆனால் 1980-ல் கடைசியாக ஒலிம்பிக் தங்கம் வென்ற அணியின் கேப்டன் சென்னைக்காரர், வி. பாஸ்கரன். கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு மட்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் 2023-ல் ஆண்கள் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. பெண்கள் ஹாக்கியில்தான் நாம் இன்னும் பின்னால் இருக்கிறோம்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். பெண்களைக் கேலி செய்யும் காட்சிகளும், மேலே சொன்ன பிந்தியா காட்சியும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் பார்த்துவிட்டுப் பேசுவதற்கு நல்ல விஷயங்களே. வசனம் பெரும்பாலும் இந்தி, அதிலும் வட்டார வாடை அதிகம். சப்டைட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பார்த்துவிட்டேன். மறுபடி பார்க்க நேரமில்லை. எந்தப் பகுதி மட்டும் பார்க்கலாம்?

முகாமில் பெயர் பதிவதிலிருந்து, மைதானத்தில் வரிசையாக நின்று ஒவ்வொருத்தியும் தன்னை அறிமுகம் செய்துகொள்வது வரை. எல்லோரும் பெயரோடு மாநிலத்தைச் சொல்கிறார்கள், சொன்னவர்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்கிறார் பயிற்சியாளர். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் வித்யா தன் பெயரைச் சொல்லி "இந்தியா" என்கிறாள். அடுத்து, தள்ளி நிற்கும் பெண்களின் முகங்களைப் பாருங்கள். உடனே ஞானம் வந்த முகங்கள் இல்லை. இந்தத் தொல்லை பிடித்த ஆளிடம் எத்தனை நாள் ஓட வேண்டியிருக்குமோ என்கிற எரிச்சல்தான் தெரியும். உலகக் கோப்பை தொடங்கியதும் நீங்கள் எழுந்து போய் வேறு வேலை பார்த்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.